வாஷிங் மெஷின் ஏன் முன்ன மாதிரி உழைக்கிறதில்லை? மேடாக் என்ற மனிதரின் கதை

பதினெட்டு, இருபது வருஷம் ஒரே வாஷிங் மெஷினில் துணி துவைத்த வீடுகள் உண்டு. அதே வீட்டில் அடுத்து வாங்கிய மெஷின் ஏழாவது வருஷமே போர்டு போய் நின்றுவிடும். மெக்கானிக் வந்து பார்ப்பார். ரிப்பேர் செலவோடு இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாம் என்று சொல்லிவிட்டுப் போவார். பழைய மெஷின் மாதிரி இப்போ எதுவும் வர்றதில்லை என்ற புலம்பல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

இந்தப் புலம்பலில் எவ்வளவு உண்மை, உண்மை என்றால் அது ஏன் என்று தேடினால், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊர் வரைக்கும் போக வேண்டும். ஊர் பெயர் நியூட்டன். (விஞ்ஞானி நியூட்டன் இல்லை. அமெரிக்க விடுதலைப் போரில் சண்டை போட்ட ஒரு சிப்பாயின் பெயர் அது.) ஒரு காலத்தில் உலகத்தின் வாஷிங் மெஷின் தலைநகரம் என்று அந்த ஊரைச் சொல்வார்கள். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர் ஃபிரெடரிக் லூயிஸ் மேடாக். வாஷிங் மெஷின் என்றால் வருஷக்கணக்கில் உழைக்கணும் என்ற எதிர்பார்ப்பை மக்கள் மனதில் பதிய வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

களத்து மேட்டில் கிடைத்த பாடம்

மேடாக் பிறந்தது 1857 ஜூலை 14-ஆம் தேதி, இல்லினாய்ஸ் மாநிலத்தின் எல்ஜின் பகுதியில். ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பம். பத்துப் பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். சிறுவனாக இருந்தபோதே குடும்பம் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே கிளம்பி, அயோவாவில் விவசாயம் செய்யத் தொடங்கியது. மூத்த பையன் என்றால் கேட்கவே வேண்டாம், காட்டு வேலை முழுக்க அவன் தலையில்தான். பள்ளிக்கூடத்தில் மேடாக் உட்கார்ந்தது மிகக் கொஞ்ச காலம்.

இருபதுகளின் தொடக்கத்தில் நியூட்டனுக்கு வந்து, விவசாயக் கருவிகள் விற்கும் கடையில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தார். சீக்கிரமே அந்தத் தொழிலில் பங்குதாரர் ஆனார். பிறகு மரக்கடை வைத்தார். 1882-இல் டீனா பெர்க்மேனைத் திருமணம் செய்துகொண்டார். ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். மேடாக் பொறியாளர் இல்லை, பெரிய கண்டுபிடிப்பாளரும் இல்லை. அவர் அடிப்படையில் விற்பனையாளர். விவசாயியோடு பேசத் தெரிந்தவர், ஏனென்றால் அவரே விவசாயி வீட்டுப் பிள்ளை.

1893-இல் மேடாக், அவருடைய மைத்துனர்கள் இரண்டு பேர், ஜார்ஜ் பார்சன்ஸ் என்ற கண்டுபிடிப்பாளர் என நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கு 600 டாலர் போட்டு, 2,400 டாலர் முதலீட்டில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அவர்கள் செய்தது வாஷிங் மெஷின் இல்லை. கதிரடிக்கும் இயந்திரத்தோடு மாட்டுகிற ஃபீடர் என்ற துணைக்கருவி. அதுவரை ஒரு ஆள் மெஷின் வாயில் நின்று, கதிர்க்கட்டின் கயிற்றைக் கத்தியால் அறுத்து, கையாலேயே உள்ளே தள்ள வேண்டும். கை சிக்கினால் போச்சு. பார்சன்ஸின் கருவி கட்டைத் தானே அறுத்து, தானே உள்ளே தள்ளியது. நல்ல யோசனைதான். ஆனால் முதலில் வந்த ஃபீடர்கள் சரியாக வேலை செய்யவில்லை.

அறுவடைக் காலத்தில் மெஷின் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கூலிக்கு வந்த ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கதிர் களத்தில் கிடக்கும். மழை வருமோ என்று விவசாயி வானத்தைப் பார்ப்பார். அப்படி நின்றுபோன களங்களிலிருந்து நியூட்டனுக்குப் புகார்கள் வந்து குவிந்தன. சரி செய்யப் போனவர்களில் மேடாக்கும் ஒருத்தர். விற்ற ஆளே வந்து, கோபத்தில் இருக்கிற விவசாயி முன்னால் நின்று, அந்த மெஷினை ஓட வைக்க வேண்டியிருந்தது.

கணக்கு ரொம்பச் சுலபமாக இருந்தது. ஒரு ஃபீடரில் கிடைக்கிற லாபம், அதை ரிப்பேர் செய்ய ரயில் ஏறி ஒரு தடவை போய் வந்தாலே கரைந்துவிடும். பெயர் கெட்டுப்போவது தனி. அதனால் பழுதாகிற பாகத்தைத் தொழிற்சாலையிலேயே மாற்றி, கனமாக, உறுதியாகச் செய்வதுதான் மலிவு. மேடாக்கின் தரம் பற்றிய பிடிவாதம் பெரிய கொள்கையிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. உடைந்தால் நாமே போய் நிற்க வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து வந்தது. இந்த விஷயம் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள உதவும்.

ஃபீடர் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது. பத்து வருஷத்துக்குள் அந்தத் துறையில் நாட்டிலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தது.

சும்மா கிடந்த தொழிற்சாலை

ஃபீடர் வியாபாரத்தில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. அறுவடைக்கு முன்னால் சில மாதங்கள் தலைக்கு மேல் வேலை, மீதி மாதங்கள் ஈ ஓட்டணும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் 1907-இல் வாஷிங் மெஷின் செய்யத் தொடங்கினார்கள். பாஸ்டைம் என்று பெயர். பொழுதுபோக்கு என்று அர்த்தம். கையால் சுற்றுகிற ஒரு மரத்தொட்டிக்கு இந்தப் பெயர் வைத்ததற்கு, சேல்ஸ்மேன் மூளையைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

அன்றைய அயோவா பண்ணை வீட்டில் துவைக்கிற வேலை ஒரு நாள் முழுக்க ஓடும். பொதுவாகத் திங்கட்கிழமை. கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து, அடுப்பில் கொதிக்க வைத்து, பலகையில் தேய்த்து, கையால் பிழிந்து, காயப்போட வேண்டும். மண்ணும் எண்ணெயும் ஏறிய கனமான வேலை உடுப்புகள் வேறு. குளிர்காலத்தில் கை மரத்துப் போகும். இதையெல்லாம் செய்தது வீட்டுப் பெண்கள். பாஸ்டைம் அந்த வேலையை ஒழிக்கவில்லை, கொஞ்சம் குறைத்தது.

1909-இல் பங்குதாரர்களிடமிருந்து முழுப் பொறுப்பும் மேடாக் கைக்கு வந்து, கம்பெனிக்கு அவர் பெயரே வந்தது. அதே காலத்தில் ஹயர்டு கேர்ள், அதாவது வேலைக்காரப் பெண், என்ற மாடல் வந்தது. அதில் வெளியே ஒரு புல்லி இருக்கும். பண்ணையில் ஏற்கெனவே இருக்கும் எஞ்சினிலிருந்து பெல்ட் மாட்டி ஓட்டிக்கொள்ளலாம். 1911-இல் மின்சார மோட்டார் வைத்த மெஷின் வந்தது. ஆனால் கிராமத்தில் மின்சாரம் எங்கே? 1930-களின் நடுவில்கூட அமெரிக்கக் கிராமப்புற வீடுகளில் பத்தில் ஒன்பதுக்குக் கரண்ட் இல்லை. அதனால் மெஷினுக்குக் கீழேயே சின்ன பெட்ரோல் எஞ்சினை வைத்து மல்ட்டி மோட்டார் என்ற வகையை 1914-15 வாக்கில் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்தவற்றில் காலால் மிதித்து ஸ்டார்ட் செய்யலாம். புகை வெளியே போக ஒரு நீளமான குழாய், அதை ஜன்னல் வழியாக வெளியே விடணும். மேடாக்கின் பெயர் கிராமம் கிராமமாகப் போனது இந்த எஞ்சினால்தான்.

இதற்கு நடுவில் மேடாக் வேறு சில வேலைகளும் பார்த்தார். 1902-லிருந்து பத்து வருஷம் அயோவா மாநில செனட்டராக இருந்தார். நியூட்டன் நகர மேயராகவும் இருந்தார். கார் தொழிலில் இறங்கி, பின்னாளில் டியூசன்பெர்க் கார்களால் உலகப்புகழ் பெற்ற சகோதரர்கள் வடிவமைத்த மேசன் காரைத் தயாரிக்கும் கம்பெனியில் பணம் போட்டார். மேடாக்-மேசன் என்று பெயர் மாறிய அந்த முயற்சி இரண்டு மூன்று வருஷத்திலேயே முடிந்தது. கார் கனவை மூட்டை கட்டிவிட்டு துணி துவைக்கிற தொழிலுக்கே திரும்பினார்.

அலுமினியத் தொட்டி

மரத்தொட்டிக்கு ஒரு சாபம் உண்டு. காய்ந்தால் பலகைகள் சுருங்கி ஒழுகும், ஈரத்திலேயே இருந்தால் உளுத்துப்போகும். மெஷினின் ஆயுள் தொட்டியின் ஆயுளோடு முடிந்துவிடும். இரும்பு என்றால் துரு, செம்பு என்றால் விலை. அலுமினியத்தில் ஒரே துண்டாகத் தொட்டியை வார்க்கலாம் என்று மேடாக் முடிவு செய்தபோது, அவ்வளவு பெரிய வார்ப்பு சாத்தியமில்லை என்பதுதான் தொழில் தெரிந்தவர்களின் பொதுக் கருத்து. 1919-இல் அதைச் செய்து காட்டினார்கள். இதற்குக் கணிசமான செலவானது. ஆனால் துருப்பிடிக்காத, ஒழுகாத தொட்டி கிடைத்தது.

அதைவிடப் பெரிய மாற்றம் 1922-இல் வந்தது. ஒரு காலத்தில் மெக்கானிக்காக இருந்து கம்பெனியின் புதிய வடிவமைப்புகளுக்குப் பொறுப்பேற்ற ஹோவர்ட் ஸ்னைடர், துணியை அலசும் அஜிடேட்டரை மூடியிலிருந்து எடுத்துத் தொட்டியின் அடியில் வைத்தார். முன்பு மூடியிலிருந்து தொங்கும் முளைகள் துணியைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தன. இப்போது தண்ணீரே துணிக்குள் பாய்ந்தது. துணி கிழிவது குறைந்தது, அழுக்கு நன்றாகப் போனது. கைராஃபோம் என்ற இந்த மாடல், போட்டியாளர்கள் கூட்டத்தில் பின்வரிசையில் கிடந்த மேடாக்கை இரண்டு மூன்று வருஷத்தில் முன்வரிசைக்குத் தள்ளியது. விவசாயக் கருவிகளை விட்டுவிட்டு முழுக்க வாஷிங் மெஷின் கம்பெனியாக மாறினார்கள். நியூட்டனிலிருந்து மெஷின் மட்டுமே ஏற்றிய முழு ரயில்கள் கிளம்பின. 1927-இல் பத்து லட்சமாவது மெஷின் வெளியே வந்தது.

அதை விற்ற விதம் மேடாக்கின் களத்து அனுபவத்தையே காட்டியது. மெஷினை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். இந்த வாரத் துணியைத் துவைத்துப் பாருங்கள், பிடிக்கலைன்னா திருப்பி எடுத்துக்கறோம் என்பதுதான் பேச்சு. மெஷின் அந்த வாரமே மக்கர் பண்ணினால் விற்பனை அங்கேயே செத்துப்போகும். பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்து பார்ப்பாள். அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் மெஷினே கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் இருபது வருஷம் உழைக்கும் மெஷின், தெருவில் இருக்கும் மற்ற வீடுகளுக்கெல்லாம் இலவச விளம்பரம். நீண்ட ஆயுள் அப்போது லாபத்துக்கு எதிரி இல்லை.

இதே 1920-களில் அமெரிக்கத் தொழில் உலகம் வேறு திசையிலும் யோசிக்கத் தொடங்கியிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் வருஷா வருஷம் காரின் தோற்றத்தை மாற்றி, போன வருஷக் காரைப் பழசாகக் காட்டும் வித்தையைப் பழகிக்கொண்டிருந்தது. 1924-இல் உலகின் பெரிய பல்பு கம்பெனிகள் கூடி, பல்பின் ஆயுளை ஆயிரம் மணி நேரத்துக்குக் கொண்டுவர ஒப்பந்தம் போட்டன. கார் வைத்திருந்தவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர், பல்பு மாட்டியவர்களும் நிறையப் பேர். அந்தத் தொழில்களுக்கு வீட்டில் இருப்பதைத் திரும்ப வாங்க வைக்கும் தேவை முதலில் வந்துவிட்டது. வாஷிங் மெஷினுக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த மெஷினில் என்ன இருந்தது? என்ன இல்லை?

மேடாக் காலத்து மெஷினைத் திறந்தால் உள்ளே இருப்பது: ஒரு மோட்டார் அல்லது எஞ்சின், எண்ணெயில் மிதக்கும் கியர் பெட்டி, அஜிடேட்டர், தொட்டி, மேலே துணி பிழிகிற இரண்டு ரப்பர் உருளைகள். கிட்டத்தட்ட இவ்வளவுதான். டைமர் கிடையாது, எவ்வளவு நேரம் துவைக்கணும் என்பதை வீட்டுக்காரம்மாதான் பார்த்துக்கொள்ளணும். தண்ணீர் விடும் வால்வு கிடையாது, வாளிதான். தொட்டியே சுற்றிப் பிழிகிற ஸ்பின் கிடையாது. இல்லாத பாகம் பழுதாகாது. பழைய மெஷின் நீடித்ததில் கனமான உலோகத்துக்கு இருக்கும் பங்கு, இந்த இல்லாமைக்கும் உண்டு.

அதற்கு விலை கொடுத்தவர்களும் இருந்தார்கள். அந்தப் பிழியும் உருளைகளில் விரல், கை, சில சமயம் முழங்கை வரை சிக்கி அடிபட்ட பெண்களும் குழந்தைகளும் ஏராளம். அழுத்தத்தை உடனே விடுவிக்கும் பிடி பின்னால் சேர்க்கப்பட்டது, அப்படியும் விபத்து நிற்கவில்லை. மெஷின் பக்கத்திலேயே நின்று, ஈரத் துணியை ஒவ்வொன்றாக உருளைக்குள் கொடுத்து, அலச வேறு தொட்டிக்கு மாற்றி, மறுபடி பிழிய வேண்டும். இன்றைக்கு பட்டனைத் தட்டிவிட்டு ஆபீஸ் கிளம்புகிற யாரும் அந்த மெஷினோடு ஒரு வாரம் தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

1937

1920-களின் தொடக்கத்திலேயே அன்றாடத் தலைமைப் பொறுப்பை மகன்களிடம் மேடாக் விட்டிருந்தார். ஆனாலும் ஊரில் அவர்தான் எல்லாம். நியூட்டனில் அவர் பெயரில் பூங்கா, அவர் பெயரில் ஹோட்டல், ஊரில் பாதி வீட்டுச் சம்பளம் அவர் தொழிற்சாலையிலிருந்து. 1937 மார்ச் 26-ஆம் தேதி கலிபோர்னியாவில் இறந்தபோது அவருக்கு வயது 79.

அதே 1937-இல் பெண்டிக்ஸ் என்ற கம்பெனி வீட்டுக்கான முதல் தானியங்கி வாஷிங் மெஷினை அறிமுகப்படுத்தியது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு. தானே தண்ணீர் பிடித்து, துவைத்து, அலசி, சுற்றிப் பிழிந்து நிற்கும். ஆரம்பத்தில் அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் சுற்றுகிற வேகத்தில் மெஷினே நடக்க ஆரம்பித்துவிடும். பழுதாகக்கூடிய பாகங்களின் எண்ணிக்கை ஒரே தாவலில் பல மடங்கானது. மக்கள் யோசிக்கவே இல்லை. கை வேலை குறைந்தால் போதும் என்று அந்தப் பக்கம் போனார்கள்.

மேடாக் இறந்து ஒரு வருஷத்தில் இன்னொன்றும் நடந்தது. மகன் எல்மர் தலைமையில் இருந்த நிர்வாகம் தொழிலாளர்களின் கூலியில் 10 சதவீதம் குறைக்கப்போவதாக அறிவித்தது. 1938 மே மாதம் வேலைநிறுத்தம் வெடித்தது. மாநில ஆளுநர் ராணுவப் படையை நியூட்டனுக்கு அனுப்பினார். கடைசியில் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கே உள்ளே போனார்கள். உழைக்கிற மெஷின் என்ற புகழைக் கையால் உருவாக்கியவர்கள் அவர்கள்தான். மேடாக் வாழ்க்கையைச் சொல்லும் பளபளப்பான கதைகளில் இந்த அத்தியாயம் பெரும்பாலும் விட்டுப்போகும்.

கம்பெனி தானியங்கி மெஷினுக்கு வந்தது தாமதமாகத்தான், 1949-இல். ஆனால் அதிலும் பழைய பழக்கத்தை விடவில்லை. 1960-களில் வந்த மாடலின் அடிப்படை வடிவமைப்பைப் பல பத்தாண்டுகளுக்குப் பெரிதாக மாற்றவில்லை. அதனால் எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அது அத்துப்படி, பாகமும் கிடைக்கும். 1967-இல் தொடங்கிய ஒரு டிவி விளம்பரத்தில், மெஷின் பழுதே ஆகாததால் வேலையில்லாமல் தனியாக உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்காரர் வருவார். அமெரிக்காவில் அது தலைமுறைகளுக்குத் தெரிந்த முகம். களத்துக்கு ஓடி ஓடி ஃபீடர் ரிப்பேர் பார்த்த கம்பெனிக்கு இது பொருத்தமான விளம்பரம்தான். உருளை வைத்த பழைய வகை மெஷினைக்கூட நியூட்டனில் 1983 வரை தயாரித்தார்கள், வாங்க ஆள் இருந்ததால்.

அப்புறம் என்ன ஆச்சு?

ஒரு கட்டத்தில் அமெரிக்காவில் வாங்கக்கூடியவர்கள் எல்லார் வீட்டிலும் மெஷின் வந்துவிட்டது. இனிமேல் பழையது போனால்தான் புதியது விற்கும். மேடாக் காலத்தில் லாபம் தந்த நீண்ட ஆயுள், இப்போது அடுத்த விற்பனையைத் தள்ளிப்போடும் சமாச்சாரம் ஆகிவிட்டது. போட்டி கம்பெனிகள் விலையைக் குறைத்தன. கடையில் இரண்டு மெஷின் பக்கத்தில் நிற்கும்போது விலைச் சீட்டு கண்ணுக்குத் தெரியும், பத்தாவது வருஷம் என்ன ஆகும் என்பது தெரியாது.

வடிவமைப்பும் மாறியது. தண்ணீரும் மின்சாரமும் மிச்சமாக வேண்டும் என்ற தேவை, முன்பக்கக் கதவு கொண்ட மெஷினைத் திரும்பக் கொண்டுவந்தது. அது நிமிஷத்துக்கு 1,000 முதல் 1,400 சுற்று வரை சுழலும். அந்தப் பாரம் முழுக்கப் பின்னால் இருக்கும் பேரிங் மேல் விழும். சீல் தேய்ந்து தண்ணீர் பேரிங்குக்குள் போனால் லாரி ஓடுகிற மாதிரி சத்தம் வரும். பேரிங் ஒன்றும் பெரிய விலை இல்லை. ஆனால் பல மாடல்களில் வெளித்தொட்டி பிளாஸ்டிக்கில், இரண்டு பாதியும் சேர்த்து ஒட்டப்பட்டு வருகிறது. பிரித்து மாட்ட வழியில்லை. சின்ன பேரிங்குக்காகத் தொட்டி மொத்தத்தையும் மாற்று என்பார்கள். மெக்கானிக் புதுசு வாங்கச் சொல்வது இந்த இடத்தில்தான். இதோடு எலெக்ட்ரானிக் போர்டு வேறு. ஈரமும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் அதற்கு ஆகாது.

மோட்டாருக்குப் பத்து வருஷம் வாரன்ட்டி என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொய் இல்லை. ஆனால் மோட்டார் சீக்கிரம் போகிற பாகமே இல்லை. பம்ப், வால்வு, போர்டு, பேரிங் இவற்றுக்கு வாரன்ட்டி எத்தனை வருஷம் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஆயுள் நிஜமாகவே குறைந்திருக்கிறதா என்று ஜெர்மனியின் மத்திய சுற்றுச்சூழல் முகமை ஆய்வு செய்ய வைத்தது. பழுதாகி ஐந்து வருஷத்துக்குள்ளேயே மாற்றப்பட்ட பெரிய வீட்டு உபயோக சாதனங்களின் பங்கு 2004-இல் 3.5 சதவீதம், 2012 வாக்கில் 8.3 சதவீதம். அதேசமயம் மாற்றப்பட்டவற்றில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாதனம், ஆசைக்காக மாற்றியது. பழியை கம்பெனி மேல் மட்டும் போட்டுவிட முடியாது. இன்னொன்றும் உண்டு. பழைய காலத்து மெஷின்களில் இன்று நாம் பார்ப்பது தப்பிப் பிழைத்தவற்றை மட்டும்தான். பாதியில் செத்தவை எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

மேடாக் கம்பெனியும் இந்த மாற்றத்திலிருந்து தப்பவில்லை. 1997-இல் பெரிய எதிர்பார்ப்போடு வந்த அதன் முன்பக்கக் கதவு மாடலில் பூஞ்சையும் நாற்றமும் வருவதாக வாடிக்கையாளர்கள் வழக்கு போட்டார்கள், அது சமரசத்தில் முடிந்தது. கடன், போட்டி, மெக்சிகோவுக்குப் போன உற்பத்தி எல்லாம் சேர்ந்து, 2006-இல் வேர்ல்பூல் அதை வாங்கியது. புதுச்சேரியில் வாஷிங் மெஷின் செய்கிற அதே வேர்ல்பூல்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் ஒரு விதி வைத்திருக்கிறது. ஒரு வாஷிங் மெஷின் மாடலின் விற்பனை நின்ற பிறகும் முக்கியமான உதிரிபாகங்கள் குறைந்தது பத்து வருஷம் கிடைக்க வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது. கம்பெனிகள் அதில் பாகங்கள், சர்வீஸ் விவரங்களைப் பகிர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. கட்டாயம் இல்லை. மேடாக்கைக் களத்து மேட்டுக்கு ஓட வைத்த மாதிரியான கட்டாயம் எதுவும் இங்கே இன்னும் வரவில்லை.

நியூட்டன் தொழிற்சாலை 2007 அக்டோபரில் மூடப்பட்டது. அடுத்த வருஷம் காற்றாலை இறக்கை செய்யும் ஒரு கம்பெனி ஊருக்கு வந்து, வேலை போனவர்களில் சிலரை எடுத்துக்கொண்டது. மேடாக் பெயர் பிராண்டாக இன்னும் கடைகளில் இருக்கிறது. கிராமத்து வீடுகளுக்காக அவர் விற்ற அந்தச் சின்ன பெட்ரோல் எஞ்சின்களை அமெரிக்காவில் சிலர் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். அதற்கென்று சங்கமே வைத்திருக்கிறார்கள். பழைய விவசாய இயந்திரக் கண்காட்சிகளில் அவற்றைக் கொண்டுவந்து, காலால் மிதித்து ஓட்டிக் காட்டுகிறார்கள்.